ஆக்சிஜனில் இருக்கும் நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டு செல்லும்போது சிலிண்டரை யார் பார்ப்பது?

இரவுப்பணிச் செவிலி:

அனைவருக்கும் வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சென்ற வாரம் எங்கள் பிரிவில் நடந்ததைச் சொல்லி, உங்கள் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன்.

நோயாளிக்கு வயது 58. இரு நுரையீரல்களிலும் நிமோனியா. பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்திற்கு 15 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தும் இரத்த ஆக்சிஜன் அளவு 93 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நுரையீரல் இரத்தக்குழாயில் அடைப்பு இருக்குமோ என்ற ஐயத்தில் இரவு பதினொரு மணிக்கு சி.டி. எடுக்கச் சொன்னார்கள். எங்கள் பிரிவு மூன்றாம் மாடியில் உள்ளது, ஸ்கேன் தரைத்தளத்தில் உள்ளது. பயிற்சி மருத்துவர் ஒருவர், நான், பணியாளர் அண்ணன், நோயாளியின் மகன் என நான்கு பேர் புறப்பட்டோம். பி டைப் சிலிண்டரை ஸ்ட்ரெச்சரின் கால்பக்கத்தில் படுக்க வைத்திருந்தோம். அழுத்தமானியின் முள் 120-ல் நின்றதை நானே பார்த்தேன். சுவரிலிருந்து குழாயைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்டி, ஓட்ட அளவைக் காட்டும் ஃப்ளோமீட்டரைத் திறந்ததும் "புஸ்" என்ற ஓசை கேட்டது. உடனே தள்ளத் தொடங்கிவிட்டோம்.

லிஃப்ட் வாசலில் நோயாளி மாஸ்க்கைப் பிடுங்க முயன்றார். பயத்தில் அப்படிச் செய்கிறார் என்று எண்ணி, நான் அவருடைய கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது. மாஸ்க்கின் பை தட்டையாக ஒட்டிக்கிடந்தது. விரலில் இருந்த கருவி அப்போதும் 91 என்று காட்டியது, பிறகு மளமளவென்று 76-க்கு இறங்கியது. முள் பூஜ்யத்தில் கிடந்தது. சிலிண்டர் தீரவில்லை, அதன் வால்வு மூடியிருந்தது. முதலில் திறந்து பார்த்த அண்ணன், எடுத்து வரும்போது பாதுகாப்புக்காக மூடியிருக்கிறார். திறக்க வேண்டிய சாவியோ வார்டு மேசையில் இருந்தது. கையால் அழுத்திக் காற்றடிக்கும் அம்பு பேகையும் நாங்கள் எடுத்து வரவில்லை. ஸ்ட்ரெச்சரைத் திருப்பி ஓடிச் சுவர் ஆக்சிஜனில் மாட்டினோம். அவர் பழைய நிலைக்கு வர இருபது நிமிடங்கள் ஆயின. இப்போது நலமாக இருக்கிறார்.

விசாரணையில் "யார் மூடியது" என்று மட்டுமே கேட்டார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. உங்கள் இடங்களில் புறப்படும் முன் என்ன பார்க்கிறீர்கள், யார் பார்க்கிறார்கள், முள் எங்கே நின்றால் "போகமாட்டேன்" என்று சொல்கிறீர்கள்?

மயக்கவியலன்:

சிஸ்டர், இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இவ்வாறான இடமாற்றங்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில் சில கருத்துகளைச் சொல்கிறேன்.

சிலிண்டரைப் பற்றிப் பேசும் முன்பு, அந்த ஸ்கேன் அந்த நேரத்தில் தேவைதானா என்ற கேள்வியை மூத்த மருத்துவர் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அன்றிரவே சிகிச்சை மாறுமா? மாறும் என்றால் போகத்தான் வேண்டும். எப்படியும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைத் தொடங்கப் போகிறோம் என்றால், படுக்கையருகிலேயே இதயத்தையும் கால் இரத்தக்குழாய்களையும் அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட்டு, பகலில் ஆட்கள் இருக்கும்போது கொண்டு போகலாம். ஸ்கேன் சீட்டில் கையெழுத்திடுபவரும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுபவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதால் இந்தக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது.

அடுத்ததாக, நீங்கள் சுவரிலிருந்து கழற்றிச் சிலிண்டரில் மாட்டிய அதே நொடியில் புறப்பட்டீர்கள். நடந்தவற்றில் மாற்ற வேண்டிய முதல் செயல் இதுதான் என்பது என் கருத்து. பயணத்துக்கான சிலிண்டர், மாஸ்க், மானிட்டர் ஆகியவற்றுக்கு நோயாளியை முழுமையாக மாற்றி, படுக்கையருகிலேயே பத்து நிமிடங்கள் வைத்திருந்து பார்க்க வேண்டும். மூடிய வால்வு, ஓட்டை வாஷர், கழன்ற குழாய், சார்ஜ் இல்லாத பேட்டரி ஆகியவற்றில் பெரும்பாலானவை அந்தப் பத்து நிமிடங்களுக்குள் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது சுவர் ஆக்சிஜன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நோயாளியே அந்த ஏற்பாட்டில் தாக்குப்பிடிக்கவில்லை என்றால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் பிரிவில் பொறுமை இல்லாதவர்களுக்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாற்றி மாட்டிய பிறகுதான் லிஃப்டுக்கும் ஸ்கேன் அறைக்கும் போன் செய்ய வேண்டும். அந்தப் பேச்சு முடியும்போது பத்து நிமிடங்கள் ஓடியிருக்கும்.

விரல் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது காட்டுவது கடந்த காலம். ஆக்சிஜன் நின்ற பிறகு அந்த எண் இறங்க அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். கை குளிர்ந்து இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் தாமதம் இன்னும் கூடும். முதலில் சொல்வது மாஸ்க்கின் பை, அடுத்துச் சொல்வது நோயாளியின் முகம். எண் கடைசியில்தான் வரும். மாஸ்க்கைப் பிடுங்கும் நோயாளி பயந்துவிட்டார் என்று நினைப்பதற்கு முன்பு பையைப் பார்க்க வேண்டும். இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன் என்பதால் உங்கள் கை கூசுவது எனக்குப் புரிகிறது.

கருவிக்காரர்:

மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் நான். முள் 120-ல் நின்றும் ஆக்சிஜன் வராமல் போனது எப்படி என்று விசாரணையில் யாராவது விளக்கினார்களா என்று தெரியவில்லை. அதை விளக்குகிறேன்.

சிலிண்டர் வால்வைத் திறந்ததும், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டருக்குள் வாயு நிறைந்து முள் 120-க்கு ஏறுகிறது. ஃப்ளோமீட்டர் மூடியிருக்கும்போது சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டால், நடுவில் சிக்கிய வாயு போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும், முள்ளும் அசையாது. நீங்கள் பார்த்தது சிலிண்டரின் அழுத்தம் அல்ல, ரெகுலேட்டரின் வயிற்றுக்குள் அடைபட்ட ஒரு மிடறு வாயுவின் அழுத்தம். ஃப்ளோமீட்டரைத் திறந்ததும் அந்த ஒரு மிடறு "புஸ்" என்று வெளியேறியது, அதோடு தீர்ந்தது. வால்வைச் சரியாகத் திறக்காமல் லேசாக மட்டும் திருப்பி வைத்தாலும் ஏறத்தாழ இதே ஏமாற்றம் நேரும். ஓட்டம் இல்லாதபோது முள் முழுமையாகக் காட்டும், 15 லிட்டர் இழுத்ததும் சரியத் தொடங்கும். ஆகவே முள்ளைப் பார்க்க வேண்டிய முறை, ஃப்ளோமீட்டரைத் தேவையான அளவுக்குத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் ஒரு நிமிடம் பார்ப்பதுதான்.

படுக்க வைத்த சிலிண்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பந்து மிதக்கும் ஃப்ளோமீட்டர் நிமிர்ந்து நின்றால் மட்டுமே சரியாகக் காட்டும். சாய்த்துவிட்டால் பந்து எங்கே கிடக்கிறதோ அதுதான் அளவு என்றாகிவிடும். ஈரமூட்டும் பாட்டிலும் சேர்ந்து சாய்ந்தால் தண்ணீர் குழாய்க்குள் போய் நோயாளியின் முகத்தில் தெறிக்கும் அல்லது குழாயை அடைக்கும். அரை மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பாட்டில் தேவையில்லை என்பதால் கழற்றி வைத்துவிடுவது நல்லது. சிலிண்டரை நிறுத்தி வைக்கும் வளையம் ஸ்ட்ரெச்சரில் இல்லையென்றால் வெல்டிங் செய்து மாட்டச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள இரும்பை நோயாளியின் கால்களுக்கு இடையில் வைத்துச் சாய்தளத்தில் தள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனி கணக்கு. நம் ஊர் பி டைப் சிலிண்டரின் நீர்க்கொள்ளளவு 10 லிட்டர். முழுமையாக நிரப்பினால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. இரண்டையும் பெருக்கினால் 1500 லிட்டர் ஆக்சிஜன் கிடைக்கும். அதனால் முள் காட்டும் எண்ணோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் மிச்சமுள்ள லிட்டர் தெரிந்துவிடும். முள் 120 என்றால் 1200 லிட்டர், நிமிடத்திற்கு 15 லிட்டர் வீதம் 80 நிமிடங்கள். முள் 40 என்றால் 400 லிட்டர், அதாவது 26 நிமிடங்கள். பெரிய டி டைப்பில் ஏறத்தாழ 47 லிட்டர் கொள்ளளவு, மொத்தம் 7000 லிட்டர். ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு போவது வேறு கதை. சின்ன ஏ டைப்பில் பி டைப்பின் பாதிதான் இருக்கும்.

மயக்கவியலன்:

கருவிக்காரர் ஐயா சொன்ன கணக்கோடு கையிருப்பையும் சேர்க்க வேண்டும். அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவக் கல்லூரி 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பயணத்துக்குத் தேவையான ஆக்சிஜனுடன் மேலும் 30 நிமிடங்களுக்கான கையிருப்பு வேண்டும் என்கிறது. குறைந்தது இரண்டு பேர் உடன் செல்ல வேண்டும் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. பிரிட்டனில் கணக்கிட்டதை அப்படியே இரட்டிப்பாக்கும் வழக்கம் உண்டு. எது பிடித்தாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான். சிஸ்டரின் நோயாளிக்குப் போய்வர 30 நிமிடங்கள் என்று வைத்தால், கையிருப்போடு 60 நிமிடங்கள், 15 லிட்டர் வீதம் 900 லிட்டர். ஆகவே பி டைப்பில் முள் 90-க்குக் கீழே இருந்தால் புறப்படக் கூடாது. இதுவே உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை.

ஆனால் அந்த 30 நிமிடங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். லிஃப்டுக்குக் காத்திருந்ததையும், ஸ்கேன் மேசையில் இன்னொருவர் இருந்ததையும், சாயமருந்து ஏற்றும் ஊசி அடைத்துக்கொண்டதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்கள் ஒரு மாதம் கடிகாரம் பார்த்துக் குறித்தபோது, எல்லோரும் வாய்வழியாகச் சொன்ன "கால் மணி நேரம்" ஒரு முறைகூட உண்மையாக இருக்கவில்லை.

வார்டு அண்ணன்:

நான் பணியாளராக 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன். எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வால்வை மூடிய அந்த அண்ணனை எல்லோரும் மனத்துக்குள் திட்டுவீர்கள் என்று தெரியும். திறந்த சிலிண்டரைத் தூக்கக் கூடாது, கீழே விழுந்தால் ரெகுலேட்டர் உடையும், மூடித்தான் கொண்டு போக வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறார். மூடினேன் என்று சொல்லாமல் விட்டது தவறு. ஆனால் அவரிடம் யாராவது கேட்டார்களா? எங்களைப் பார்த்து "சிலிண்டர் எடுத்து வா" என்பார்கள், எத்தனை லிட்டர் நோயாளி என்று ஒருபோதும் சொன்னதில்லை. 2 லிட்டர் நோயாளிக்கும் 15 லிட்டர் நோயாளிக்கும் நாங்கள் எடுத்து வருவது ஒரே சிலிண்டர்தான்.

நுரையீரல் மாணவி:

மேலே அண்ணன் எழுதியது என்னை யோசிக்க வைத்தது. நான் முதுகலை இரண்டாம் ஆண்டு. இதுவரை ஒரு முறைகூடப் பணியாளரிடம் லிட்டர் கணக்கைச் சொன்னதில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. எச்.எஃப்.என்.சி. எனப்படும் உயர் ஓட்ட மூக்குக் குழாயில் இருக்கும் நோயாளிகளை எப்படிக் கொண்டு போவது? எங்கள் இயந்திரத்தில் பேட்டரி இல்லை. அடுத்தது, மூச்சுக்குழாய்க்குள் குழாய் பொருத்திய நோயாளியைக் கையால் காற்றடித்துக் கொண்டு போகும்போது சில மூத்தவர்கள் மயக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பெயின்ஸ் சர்க்யூட் என்ற பையும் குழாயும் கேட்கிறார்கள், சிலர் அம்பு பேகே போதும் என்கிறார்கள். எது சரி?

மயக்கவியலன்:

டாக்டர், முதல் கேள்விக்கு எண்களே பதில் சொல்லும். நிமிடத்திற்கு 60 லிட்டர், நூறு விழுக்காடு ஆக்சிஜன் என்று வைத்தால், நிறைந்த பி டைப் சிலிண்டர் 25 நிமிடங்களில் காலி. அதே 60 லிட்டரில் ஆக்சிஜன் 60 விழுக்காடு என்றால், மீதி அறைக்காற்று என்பதால் சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ 30 லிட்டர் போகும், 50 நிமிடங்கள் வரும். பேட்டரி இல்லாத இயந்திரத்தில் இந்தக் கணக்குக்கும் பொருளில்லை.

ஆகவே வழக்கமாகப் பை வைத்த மாஸ்க்குக்கோ முகமூடி வெண்டிலேட்டருக்கோ மாற்றிக் கொண்டு போகிறோம். அப்படி மாற்றும்போதுதான் நான் சொன்ன பத்து நிமிடச் சோதனை மிகவும் அவசியமாகிறது. உயர் ஓட்டத்தில் 60 லிட்டரில் 92 காட்டும் நோயாளி, 15 லிட்டர் மாஸ்க்குக்கு மாறியதும் மூச்சிரைத்து 85-க்கு இறங்கக்கூடும். அப்படி இறங்கினால் அவர் ஸ்கேனுக்குப் போகத் தகுதியற்றவர், அல்லது குழாய் பொருத்திய பிறகே போக வேண்டியவர். அந்த முடிவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் எடுக்க வேண்டுமே தவிர, ஸ்கேன் மேசையில் அல்ல. ஸ்கேன் அறையின் குறுகிய மேசையில், அரை வெளிச்சத்தில், அவசரமாகக் குழாய் பொருத்தும் நிலைமை எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. மூன்றாவது முறை வேண்டாம்.

இரண்டாவது கேள்வி. பெயின்ஸ் கையில் நல்ல உணர்வைத் தரும், நோயாளியின் நுரையீரல் இறுக்கம் விரல்களுக்குத் தெரியும். மயக்க மருத்துவர்கள் அதை விரும்புவது அதனால்தான். ஆனால் வாயு வராவிட்டால் அது வெறும் ரப்பர் பை. அம்பு பேக் தானே விரிந்துகொள்ளும், சிலிண்டர் தீர்ந்தாலும் அறைக்காற்றையாவது உள்ளே தள்ளும். எது கையில் இருந்தாலும் அம்பு பேக் ஒன்று ஸ்ட்ரெச்சரில் இருந்தே ஆக வேண்டும். மாஸ்க்கில் தானாக மூச்சுவிடும் நோயாளிக்கும் இது பொருந்தும். ஆனால் அவர் முகத்தில் அம்பு பேகைச் சும்மா பிடித்துக்கொண்டிருப்பதால் ஆக்சிஜன் தாராளமாகப் போய்விடாது, அழுத்தி உதவ வேண்டும்.

வெண்டிலேட்டரில் அதிக அழுத்தம் தேவைப்படும் நோயாளியைப் பயண வெண்டிலேட்டருக்கு மாற்றும்போது, கழற்றும் நொடியில் குழாயைக் கிளாம்ப் போட்டுப் பிடிப்பது நுரையீரல் சுருங்காமல் காக்கும். மாட்டியதும் கிளாம்ப்பை எடுத்துவிட்டோமா என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். வெளிமூச்சின் கரியமில வாயுவை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் இருந்தால் அதன் அலை மறைவதே முதல் எச்சரிக்கையாக இருக்கும்.

லீட்ஸ் செவிலியர்:

திருநெல்வேலியில் படித்துவிட்டு இங்கிலாந்தில் பணிபுரிகிறேன். சிஸ்டருக்கு நடந்தது அங்கே மட்டும் நடப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 2018 ஜனவரியில், ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சரியாகத் திறக்காமல் விடுவது குறித்தே நாடு முழுவதற்கும் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை அனுப்பியது. மூன்று ஆண்டுகளில் நானூறுக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருந்தன.

இங்கே ரெகுலேட்டர் சிலிண்டரோடு சேர்ந்தே வரும், சாவி தேவையில்லை. ஆனால் இரண்டு படிகள் உண்டு. பிளாஸ்டிக் மூடியை அகற்றி வால்வைத் திறக்க வேண்டும், அதன்பின் ஓட்ட அளவைத் தனியாகத் திருப்ப வேண்டும். வால்வைத் திறக்காமல் ஓட்ட எண்ணை மட்டும் 15-க்குத் திருப்பிவிட்டு, எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. எங்கள் பயிற்சியில் மாஸ்க்கின் பையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து மீண்டும் நிரம்புகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், குழாயின் நுனியைக் கன்னத்தருகே வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் சின்னச் சிலிண்டரில் 460 லிட்டர்தான் உள்ளது. 15 லிட்டரில் அரை மணி நேரம். பளபளப்பாக, இலேசாக இருப்பதால் நிறைய இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

ஸ்கேன் அறை:

கதிரியக்கப் பிரிவில் தொழில்நுட்புநராக இருக்கிறேன். எங்கள் வாசலுக்கு வந்த பிறகு நடப்பதை யாரும் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன்.

ஸ்கேன் அறைச் சுவரில் ஆக்சிஜன் புள்ளி இருந்தால் உள்ளே வந்ததும் அதற்கு மாறுங்கள், சிலிண்டரைச் சேமியுங்கள். ஆனால் திரும்பும்போது சிலிண்டரைத் திறக்க மறந்து போகும் கதைகளும் எங்களிடம் உண்டு, எனவே பத்து நிமிடச் சோதனையில் ஒரு சிறு பகுதியையாவது இங்கேயும் செய்ய வேண்டும். மேசை வளையத்துக்குள் ஒரு மீட்டருக்கும் மேலாக நகரும். குழாய் அதற்கேற்ற நீளத்தில் இருக்கிறதா என்று, படம் எடுக்கத் தொடங்கும் முன்பு மேசையை ஒருமுறை வெறுமனே உள்ளே தள்ளிப் பார்க்கிறேன். அந்தச் சில நொடிகளுக்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு. குழாய் இழுபட்டு மாஸ்க் கழன்று வந்த பிறகு அவர்களே மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். படம் எடுக்காதபோதும் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். "இயந்திரம் ஆஃப்" என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் எம்.ஆர்.ஐ.யில் இருந்தபோது அறைக்குள் கொண்டு வரப்பட்ட இரும்புச் சிலிண்டர் பறந்து சென்று தாக்கி இறந்தான். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர் ஒருவர் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்து உயிரிழந்தார். அவர் மருத்துவமனை ஊழியர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். நம் மருத்துவமனைகளில் சிலிண்டர் பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது? சிஸ்டரின் பதிவிலும் நோயாளியின் மகன் உடன் வந்திருக்கிறார். அலுமினியச் சிலிண்டர் என்றாலும் அதில் மாட்டியிருக்கும் ரெகுலேட்டரும் ஸ்ட்ரெச்சரும் இரும்பாக இருந்தால் பயனில்லை. எங்கள் இடத்தில் எம்.ஆர்.ஐ. கதவுக்கு வெளியே தரையில் மஞ்சள் கோடு போட்டு, சிலிண்டர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, சுவரிலிருந்து நீண்ட குழாய் மட்டுமே உள்ளே போகலாம் என்று வைத்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

முப்பத்தைந்து ஆண்டுகள் செவிலியர் பணி செய்து ஓய்வு பெற்றவள். பத்து நிமிடச் சோதனை, சரிபார்ப்புப் பட்டியல் எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. இரவில் பன்னிரண்டு படுக்கைகளுக்கு இரண்டு செவிலியர் இருக்கும்போது, ஒருவர் ஸ்கேனுக்குப் போனால் பதினொரு பேரை மற்றவர் ஒருவரே பார்க்க வேண்டும். அதில் எத்தனை பேர் வெண்டிலேட்டரில்? போகிறவள் எப்படியாவது சீக்கிரம் திரும்ப வேண்டும் என்றுதான் ஓடுகிறாள். பட்டியலைக் கொடுத்தால் திரும்பி வந்த பிறகு உட்கார்ந்து எல்லாக் கட்டங்களிலும் டிக் போடுவாள். நானும் போட்டிருக்கிறேன். ஆளைக் கொடுக்காமல் தாளைக் கொடுப்பது, நாளை ஏதாவது நடந்தால் கையெழுத்திட்டவளைப் பிடிப்பதற்குத்தான் உதவும்.

மயக்கவியலன்:

அம்மா, ஆள் பற்றாக்குறை குறித்து நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆள் வரும்வரை காத்திருப்பதா என்பதே கேள்வி. ஆஸ்திரேலியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தாமாக முன்வந்து அனுப்பிய அறிக்கைகளில், மருத்துவமனைக்குள் இடமாற்றத்தின்போது நேர்ந்த 191 நிகழ்வுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். 39 விழுக்காடு கருவிகள் தொடர்பானவை, 61 விழுக்காடு ஆட்களும் நோயாளியைக் கையாண்ட முறையும் தொடர்பானவை. அங்கே ஆள் எண்ணிக்கை நம்மைவிட எவ்வளவோ மேல். ஆள் இருந்தாலும் யார் எதைப் பார்ப்பது என்று பேசிக்கொள்ளாவிட்டால் இது நேரும். இந்த நிகழ்ச்சியில் மூன்று ஊழியர்கள் இருந்தார்கள், மூவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்தார்கள்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

அதை ஏற்கிறேன். அப்படியென்றால் பட்டியலைத் தாளில் எழுதாதீர்கள், வாயால் கேளுங்கள். செவிலியர் கேட்க வேண்டும், பணியாளர் சிலிண்டரைத் தொட்டுக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். தாளில் பின்னால் டிக் போடலாம், வாயால் பின்னால் பதில் சொல்ல முடியாது.

ஒரு மகன்:

நான் மருத்துவத் துறையில் இல்லை. சென்ற ஆண்டு என் தந்தையை ஸ்கேனுக்கு அழைத்துச் சென்றபோது சிலிண்டரை நான்தான் உருட்டிச் சென்றேன். மறுத்தால் தாமதமாகுமோ என்ற பயம். எங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது என்ன? சிலிண்டரைக் கொடுத்தால் வாங்கலாமா?

இரவுப்பணிச் செவிலி:

தம்பி, சிலிண்டரை நீங்கள் தூக்க வேண்டியதில்லை, மறுப்பதில் தவறு எதுவும் இல்லை. உங்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுப்பேன். மாஸ்க்கின் அடியில் தொங்கும் பையைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். அப்பா மூச்சை இழுக்கும்போது சற்றுச் சுருங்கி மீண்டும் உப்ப வேண்டும். தட்டையாக ஒட்டிவிட்டால் உடனே சத்தமாகச் சொல்லுங்கள், யார் கோபித்தாலும் பரவாயில்லை. அன்று அந்த மகனிடம் இதை நான் சொல்லியிருந்தால், லிஃப்ட் வாசலுக்கு முன்பே அவர் கூப்பிட்டிருப்பார்.

நுரையீரல் மாணவி:

ஒரு சிறு சேர்க்கை. பயணம் என்றதும் எல்லோருக்கும் 15 லிட்டர் திறந்துவிடும் வழக்கமும் இருக்கிறது. சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளில் பலருக்கு அது கரியமில வாயுவை ஏற்றி மயக்கநிலைக்குக் கொண்டு போய்விடும். அவர்களுக்கு ஆக்சிஜன் அளவின் இலக்கு 88 முதல் 92 வரைதான். ஆக்சிஜன் விழுக்காட்டை நிலையாக வைக்கும் வெஞ்சுரி மாஸ்க்கில் இருந்தால் அதே மாஸ்க்கோடு, அதே லிட்டரில் கொண்டு போக வேண்டும். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இலக்கை எழுதி வைத்தால் உடன் போகிறவருக்குத் தெரியும். சிலிண்டரும் அதிக நேரம் வரும்.

இரவுப்பணிச் செவிலி:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். இங்கே சொன்னவற்றைத் தலைமைச் செவிலியரிடம் காட்டினேன். ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் அட்டை ஒன்று தொங்கவிட்டிருக்கிறோம். முள் 150, 120, 90, 60 என்றால், 5, 10, 15 லிட்டருக்கு எத்தனை நிமிடங்கள் என்று அதில் இருக்கிறது. பெருக்கல் தெரியாதவர் யாருமில்லை, ஆனால் நள்ளிரவில் யாரும் பெருக்குவதில்லை. அட்டையைத் தயாரித்தவர் வால்வை மூடிய அதே அண்ணன்தான். அவரே முன்வந்து கேட்டு, தன் மகளைக் கொண்டு கட்டங்கள் போட்டு வாங்கி வந்தார்.

கண்காணிப்பாளர் அம்மா சொன்னபடி வாயால் கேட்கிறோம். "எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம், வால்வு திறந்திருக்கிறதா, சாவி எங்கே, அம்பு எங்கே" என்று ஐந்து கேள்விகள். முதல் வாரம் பயிற்சி மருத்துவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் பத்து நிமிடச் சோதனையில் ஒரு நோயாளி 84-க்கு இறங்கியதால் ஸ்கேனைத் தள்ளிவைத்தோம். அதன் பிறகு சிரிப்பு குறைந்தது. இரவில் மூன்றாவது செவிலியர் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

கருவிக்காரர்:

நல்லது சிஸ்டர். சாவியை என்ன செய்தீர்கள்? தனியாக வைத்தால் எப்படியும் தொலையும்.

இரவுப்பணிச் செவிலி:

முதலில் நூலில் கட்டினோம், இரண்டே நாளில் யாரோ அறுத்து வேறு சிலிண்டருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது சைக்கிள் பூட்டுச் சங்கிலியை வெட்டி, ஒவ்வொரு சாவியையும் அதனதன் சிலிண்டரின் கழுத்தோடு இணைத்திருக்கிறோம். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது கிணுகிணுவென்று சத்தம் வருகிறது. சத்தம் கேட்காவிட்டால் அண்ணன் தள்ளுவதை நிறுத்திவிடுகிறார்.